முதுகில் செம்மண், வயிற்றில் கரிசல்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் கரடி மொந்தையன். அவனுக்குப் பிறகு நிறையப் பேர் செய்தார்கள். ஆனாலும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. முதல் இடம் அவனுக்குத்தான். அதை வேறு யாருக்கும் நான் கொடுக்கமாட்டேன்.

நான் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில். வாயில் ஒரு பல் கிடையாது. முழ நீளத்துக்கு நாக்கு. பயம் வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வோம். அதைத் தவிர வேறு போர் வித்தை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் பெயர் செதிலப்பன். பாசிக்குளத்துக்கு மேலே நிற்கிற பெரிய கறையான் புற்று மூன்று தலைமுறையாக எங்களுடையது. அதனால் சபையில் என்னைப் புற்றுக்கரைப் பிரபு என்பார்கள். பிரபு என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சபையில் என் இடம் முயலுக்குப் பின்னால், தவளைக்கு முன்னால்.

காட்டை ஆண்டவர் காட்டெருது பெருந்திமிலன். மாசி மாதத்தில் ஒருநாள் தண்ணீர் குடிக்கக் குனிந்தார். நிமிரவில்லை. தனக்குப் பின் யார் என்று அவர் சொல்லிவைக்கவும் இல்லை. அவருக்கு ஒரு தம்பி, கருங்கொம்பன். ஒரு மகள், வெண்காலி. தம்பி கிழக்குக் கரையில் போய் நின்று, "இனி நான்தான் ராஜா" என்றார். மகள் மேற்குக் கரையில் போய் நின்று, "இனி நான்தான் ராணி" என்றாள். நடுவில் குளம் இருந்தது. நாங்கள் எல்லாரும் அந்தக் குளத்தில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

எங்கள் காட்டில் ஒரு சட்டம் உண்டு. ராஜா செத்தால் அவர் கொடுத்ததெல்லாம் செத்துப்போகும். அடுத்து வருகிறவர் தன் வாயால் திரும்பக் கொடுக்க வேண்டும். மானுக்குப் புல்வெளி, பன்றிக்குக் கிழங்குத் திடல், எனக்குப் புற்று, எல்லாமே அப்படித்தான்.

மற்ற வீட்டுக்காரர்களுக்கு அது மானப் பிரச்சினை. எனக்கு வயிற்றுப் பிரச்சினை. என் மகள் சுருளி எட்டு நாள் முன்புதான் குட்டி போட்டிருந்தாள். குட்டி அவள் வால் அடியில் தொற்றிக்கொண்டு கிடந்தது. கோடை வரப்போகிறது. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மற்றப் புற்றுகள் எல்லாம் கரடி வீட்டுக்கு உரியவை. எங்கள் புற்று போனால் தெற்கே பாறைக்காட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே கட்டெறும்பு மட்டும்தான் கிடைக்கும். கட்டெறும்பு தின்கிறவளுக்குப் பால் சுரக்காது.

சண்டை என்றால் பக்கம் சேர வேண்டும். பக்கம் சேருவதற்கு எங்கள் காட்டில் ஒரு முறை இருக்கிறது. கிழக்குக் கரை செம்மண், மேற்குக் கரை கரிசல். யார் பக்கமோ அந்தக் கரை மண்ணை உடம்பில் பூசிக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லும் சத்தியத்தை யாரும் கேட்கமாட்டார்கள். மண்ணைத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மொந்தையன் என் புற்றுக்கு வந்தான்.

"பங்காளி, இருக்கியா?"

என்னைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவான். அவன் வீடும் கறையான் தின்னும், என் வீடும் கறையான் தின்னும். உறவு அவ்வளவுதான்.

"இருக்கேன் அண்ணே. என்ன சேதி?"

"எந்தக் கரை?"

"இன்னும் யோசிக்கலை."

"யோசிச்சுக்கிட்டே இரு. முயலே நேத்து செம்மண் பூசிட்டான். தம்பி கொம்பைப் பாத்தியா? அந்தப் பொண்ணு கொம்பு என் பெருவிரல் தண்டிகூட இல்லை. யார் ஜெயிப்பான்னு தவளைக்குக்கூடத் தெரியும்."

"என் புற்று?"

"அதுக்குத்தானே நான் வந்திருக்கேன். பட்டம் கட்டுனதும் ராஜா காதுல நான் போடுற முதல் வார்த்தையே உன் புற்றுதான்."

கையோடு செம்மண்ணும் கொண்டுவந்திருந்தான். அவனே பூசிவிட்டான். ஒவ்வொரு செதிலாகத் தூக்கி, அடியில் அழுத்தி அழுத்திப் பூசினான்.

"நல்லா உள்ளே போகணும் பங்காளி. அப்பதான் விசுவாசம் தெரியும்."

அவன் கைக்கு எட்டாத செதில்களை நானே தூக்கிக் காட்டினேன். முடிந்ததும் அவனுக்கு நன்றி வேறு சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே என்னை ஓர் அறை அறையலாம் போலிருக்கிறது. என் கை அவ்வளவு தூரம் எட்டாது.

ஐந்தாம் நாள் தண்ணீர் குடிக்கப் போனேன். மேற்குக் கரையில் மொந்தையன் நின்றான். தலை முதல் கால் வரை கரிசல்.

"என்ன அண்ணே இது?"

"எது?"

"கறுப்பா இருக்கு."

"நான் எப்பவும் கறுப்புதானே."

"மண்ணைச் சொல்றேன்."

"அதுவா. தம்பிகிட்டப் பேச்சு சரியில்லை பங்காளி. பொண்ணு பக்கம்தான் நியாயம் இருக்கு. நான்தான் அன்னைக்கே உன்கிட்டச் சொன்னேனே."

"நீங்க சொன்னது செம்மண்."

"அப்படியா சொன்னேன்? சரி, இப்ப மாத்திக்க. குளத்துல ஒரு முங்கு போட்டா ஆச்சு."

ரோமம் உள்ளவனுக்கு ஒரு முங்கு. நான் ஏழு முங்கு போட்டேன். மூச்சு முட்டியதுதான் மிச்சம். செதிலுக்கு அடியில் போன மண் இறுகிக் கல்லாகிவிட்டது. மருத மரத்தில் உரசினேன். மரப்பட்டை உரிந்தது, மண் உரியவில்லை. பாறையில் உரசினேன். என் செதில் தேய்ந்தது, மண் தேயவில்லை. தண்ணீர் பட்டதில் செம்மண் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. கட்சி மாறுவதற்குக்கூட அதற்கென்று ஓர் உடம்பு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மற்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மயில் வீடு காலையில் சிவப்பு, மாலையில் கறுப்பு. மான் வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி கறுப்பு. யார் ஜெயித்தாலும் புல்வெளி வீட்டைவிட்டுப் போகாது என்று ஏற்பாடு. பத்தாவது நாளில் குளத்துத் தண்ணீரே கிழக்குமில்லாமல் மேற்குமில்லாமல் ஒரு நிறமாகிவிட்டது. கொக்கு மட்டும் எதையும் பூசவில்லை. வெள்ளையாகவே நின்றான். அவனைத்தான் இரண்டு பக்கமும் துரோகி என்றார்கள்.

மொந்தையன் இரண்டாவது முறை செம்மண்ணுக்கு மாறிய அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. இது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. சொந்த மூளை. அதனால்தான் இதை யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

எங்களுக்கு முதுகில்தான் செதில். வயிறு வெறும் தோல். சுருண்டால் முதுகு மட்டும் தெரியும். பின்னங்காலில் எழுந்து நின்றால் எதிரே நிற்பவனுக்கு வயிறு மட்டும் தெரியும். முதுகில் செம்மண் இருக்கிறது. அது போகாது. இருக்கட்டும். வயிற்றில் கரிசலைப் பூசினால்?

பூசினேன். புற்றுக்குள் போய் மகளிடம் காட்டினேன்.

சுருளி வயிற்றை முகர்ந்து பார்த்தாள். "அப்பா, இது என்ன வேஷம்?"

"வேஷம் இல்லை. ராஜதந்திரம்."

"எங்கே, திரும்புங்க."

திரும்பினேன். அவள் சிரிப்பில் வாலில் கிடந்த குட்டி கீழே விழுந்துவிட்டது. எடுத்து மறுபடியும் தொற்றவைத்தாள்.

"அப்பா, பேசாம உள்ளேயே இருங்க. ரெண்டு பேரும் முட்டி முடிக்கட்டும். ஜெயிச்சவங்ககிட்டப் போய், 'நாங்க சின்ன வீடு, எங்களுக்குச் சண்டை தெரியாது, புற்றை மட்டும் குடுங்க'ன்னு உள்ளதைச் சொல்லிக் கேட்போம்."

"அப்படிக் கேட்டா யார் குடுப்பா? முதல்ல வந்து நின்னவனுக்குத்தான் குடுப்பாங்க."

"ரெண்டு இடத்துலயும் முதல்ல நிக்க முடியாதுப்பா."

"உங்கப்பனால முடியும்."

முடியவும் செய்தது. அதுதான் கேடு. ஒரு பத்து நாள் அது அருமையாக நடந்தது.

கிழக்குக் காவலுக்குக் காட்டுப்பன்றிகள் வருவார்கள். மண்ணதிரும் சத்தம் கேட்டவுடன் சுருண்டுகொள்வேன். பன்றித் தலைவன் வந்து மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளுவான். "செம்மண். நம்ம ஆளு. பாருங்கடா, மழை பெய்ஞ்சும் போகாத மண்ணு. இதுதான் விசுவாசம்" என்று கூட வந்தவர்களிடம் சொல்வான். உள்ளே சுருண்டிருக்கும் எனக்குப் பெருமை தாங்காது.

மேற்குக் காவலுக்கு முள்ளம்பன்றிகள். முள் சலசலக்கும். நான் எழுந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வயிற்றைக் காட்டுவேன். "கரிசல். தாராளமாப் பூசியிருக்காரு பெரியவர்" என்பான் முள்ளம்பன்றித் தலைவன். "ராணியம்மாகிட்ட உங்க பேரைச் சொல்றேன்." அவன் போகிற வரைக்கும் நான் முதுகைத் திருப்பமாட்டேன். பின்பக்கமாகவே நடந்து புற்றுக்குள் போவேன். அதை அவன் மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு சபையிலும் என் பெயர் நல்ல பெயராகிவிட்டது. காட்டிலேயே பக்கம் மாறாத வீடு அழுங்கு வீடு என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மொந்தையனே என்னிடம் வந்தான். அன்றைக்கு அவன் என்ன நிறத்தில் இருந்தான் என்று நினைவில்லை.

"பங்காளி, உன்னைப் பாத்தா பொறாமையா இருக்கு. ஒரே இடத்துல இருக்கே. நான் குளிச்சுக் குளிச்சு எனக்குச் சளி பிடிச்சிருச்சு."

"கொள்கைன்னு ஒண்ணு வேணும் அண்ணே" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னது உண்மை. மறுக்கவில்லை.

பங்குனி பிறந்தது. இரு பக்கமும் சேதி அனுப்பினார்கள். நாளை சூரியன் எழும்போது ஓடைச் சரிவில் போர். எல்லா வீட்டுத் தலைவர்களும் வந்து நிற்க வேண்டும். வராத வீட்டுக்கு நிலமும் இல்லை, நீரும் இல்லை, புற்றும் இல்லை. கிழக்கிலிருந்து பன்றித் தலைவன் வந்து சொன்னான். சுருண்டபடியே கேட்டுக்கொண்டேன். மேற்கிலிருந்து முள்ளம்பன்றி வந்து சொன்னான். எழுந்து நின்று கேட்டுக்கொண்டேன்.

சரிவின் மேலே கருங்கொம்பன் படை நிற்கும். கீழே வெண்காலி படை நிற்கும். இருவர் படையிலும் நான் நிற்க வேண்டும். நான் ஒருவன்தான். வெகுநேரம் யோசித்தேன். விடை கிடைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சுலபம்.

நடுவில் நிற்பது. எழுந்து, கீழ்ப்பக்கம் பார்த்து நிற்பது. மேலே இருப்பவர்களுக்கு முதுகின் செம்மண் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு வயிற்றின் கரிசல் தெரியும்.

அப்படியே போய் நின்றேன். சூரியன் எழுந்தது. மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "நம்ம அழுங்கனாரைப் பாருங்கடா. எல்லாருக்கும் முன்னால போய் நிக்கிறாரு." கீழேயிருந்தும் அதே மாதிரி ஒரு குரல். "பெரியவர் ஒத்தை ஆளா எதிரிக்கு முன்னால போய் நிக்கிறாரு." இருபுறமும் ஆரவாரம் செய்தார்கள். என் வாழ்க்கையிலேயே நான் பெருமையாக நின்றது அந்தச் சிறிது நேரம்தான். எச்சில் விழுங்கும் நேரம்கூட இருக்காது.

நான் ஒன்றை யோசிக்கவில்லை. போர் என்றால் இரண்டு படையும் நடுவில்தான் மோதும்.

கருங்கொம்பன் இறங்கினார். சரிவே கூடச் சேர்ந்து இறங்குவதுபோல் இருந்தது. காலடியில் மண் குதித்தது. என் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ராஜதந்திரமெல்லாம் மறந்துபோய்விட்டது. சுருண்டேன்.

உயிர்ப் பயத்தில் சுருண்ட அழுங்குக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும். என்னை ஏதோ முட்டியது. உருண்டேன். ஏதோ என்மேல் ஏறியது. மறுபடியும் உருண்டேன். பிறகு ஓரிடத்தில் நின்றேன். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. பின்னால் சுருளி சொல்லித்தான் தெரியும். அவள் புற்றின் உச்சியில் ஏறி நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். அன்று காலை செம்மண்ணில் இருந்த மொந்தையன், கருங்கொம்பன் இறங்கியதும் பயந்து குறுக்கே ஓடியிருக்கிறான். ஓடியவன் என்மேல் தடுக்கி விழுந்தான். அவன் விழுந்த வேகத்தில் நான் உருண்டேன். உருண்டு நேராகக் கருங்கொம்பன் முன்னங்காலுக்கு அடியில் போனேன். பாய்ந்து வந்த எருது கால் புரண்டு விழுந்தார். வலது கொம்பு பாறையில் மோதி முறிந்தது. கொம்பு முறிந்த எருதுக்குப் பின்னால் எந்தப் படையும் நிற்பதில்லை. அவர் எழுந்து நொண்டிக்கொண்டே கிழக்கு மலைக்குப் போய்விட்டார். போர் தொடங்கும்போதே முடிந்துவிட்டது. வெண்காலி ராணியானாள்.

உடனே எல்லாரும் குளத்தை நோக்கி ஓடினார்கள். குளிக்கத்தான். ராணி கெட்டிக்காரி. குளத்தைச் சுற்றி முள்ளம்பன்றிகளை நிறுத்திவிட்டாள்.

"நாளைக் காலை சபை. அதுவரை யாரும் குளிக்கக் கூடாது. எந்த மண்ணோட நிக்கிறீங்களோ, அந்த மண்ணோட வாங்க."

மறுநாள் ஓடைச் சரிவிலேயே சபை கூடியது. செம்மண் பூசியவர்கள் ஒவ்வொருவராக வந்து தலை குனிந்தார்கள். மொந்தையன் முறை வந்தது. அவன் தலை குனியவில்லை.

"ராணியம்மா, நான் இந்த மண்ணைப் பூசினதே உங்களுக்காகத்தான். எதிரி படைக்குள்ள போய் நின்னாத்தானே எதிரியைக் கவிழ்க்க முடியும்? உங்க சித்தப்பா கால்ல ஒரு உருண்டைக் கல்லு தட்டுச்சே, பாத்தீங்களா? அதை உருட்டினது யாருன்னு நினைச்சீங்க?"

உருண்டையாக ஒன்று உருண்டதைச் சபையில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதன் பின்னால் கரடி இருந்ததையும் பார்த்திருந்தார்கள். ராணிக்கும் நம்புவது வசதியாக இருந்தது. கரடி வீட்டில் பதினேழு பேர். புது ராணிக்குப் பதினேழு கரடிகள் எதிரில் நிற்பதைவிடப் பக்கத்தில் நிற்பது நல்லது.

"அந்தக் கல்லு எங்கே?"

மொந்தையன் கூட்டிவந்து காட்டினான். கல் என்று அவன் காட்டியது என்னைத்தான். சுருளி வந்து தட்டியும் பிரியாமல் ஒரு பகலும் ஓர் இரவும் சுருண்டபடியே கிடந்த என்மேல் புழுதி படிந்து, நான் சரியான கல்லாகவே இருந்தேன்.

ராணி என் முன்னால் வந்து நின்றாள். வலது பக்கத்தில் மொந்தையன். பின்னால் சபை முழுவதும். ராணி பேசினாள்.

"பட்டம் எனக்கு வந்தது கொம்பால இல்லை, படையால இல்லை. இதோ இதால. இதுக்கு இந்தக் காடு பட்டிருக்கிற கடனை நான்..."

அந்த இடத்தில் நிறுத்தினாளாம். நிறுத்தித் தலை குனிந்தாளாம். ராணி குனிந்ததும் சபை முழுவதும் குனிந்தது. ஒரு சத்தம் இல்லை.

அழுங்கின் பயம் போக வேண்டுமானால் சத்தம் அடங்க வேண்டும். இரவெல்லாம் ஓயாத காலடிச் சத்தம் அப்போதுதான் அடங்கியது. நான் ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டினேன். எதிரே நான்கு குளம்புகள். காட்டெருது. தம்பியா, மகளா, குளம்பைப் பார்த்து எப்படிச் சொல்வது? பக்கத்தில் பார்த்தேன். மொந்தையன். தலை முதல் கால் வரை செம்மண். ஜெயித்தவன் பக்கத்தில்தான் மொந்தையன் நிற்பான் என்று எனக்குத் தெரியும். அவன் செம்மண்ணில் நிற்கிறான். அப்படியானால் ஜெயித்தது யார்?

யாரும் வாய் திறக்கும் முன்னால் நான் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். முதலில் சொல்பவனுக்குத்தான் புற்று.

சுருளைப் பிரித்தேன். தலையைத் தரையில் வைத்து, முதுகை நன்றாகக் காட்டி, உரக்கக் கத்தினேன்.

"கருங்கொம்ப மகாராஜா வாழ்க! அந்த மேற்குக் கரைக் கழுதை ஒழிக! அடியேன் முதல் நாளிலேயே செம்மண்!"

நிமிர்ந்து பார்த்தேன். வெண்காலி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்று வயிற்றைக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

"இதுவா கல்லு, மொந்தையா?" என்றாள் ராணி.

மொந்தையன் ஒரு நொடிதான் திகைத்தான். அவனுக்கு ஒரு நொடி போதும்.

"இல்லை தாயி. இவன் உங்களைத் தடுக்கிவிட வழியில பதுங்கிக் கிடந்தான். நான்தான் பாத்து இவனை அந்தப் பக்கமா உதைச்சு உருட்டினேன். கல்லுன்னு சொன்னது இவன் மானம் போகக் கூடாதேன்னுதான். என்ன இருந்தாலும் பங்காளி."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சுருளி வந்தாள். குட்டியும் வாலில் வந்தது.

"பொய் ராணியம்மா. அவர் யாரையும் உதைக்கலை. ஓடும்போது எங்கப்பா மேல தடுக்கி விழுந்தாரு. உங்க சித்தப்பாவைக் கவிழ்த்தது எங்கப்பாதான். நான் புற்று மேல நின்னு பாத்தேன்."

ராணி என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"செதிலப்பா, எனக்காகவா உருண்டே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். இத்தனை நாளும் முதுகாலும் வயிற்றாலும் பொய் சொன்னவனுக்கு, வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் பழக்கமில்லாமல் போய்விட்டது.

"இல்லை தாயி. பயத்துல சுருண்டேன். எங்கே உருண்டேன்னு எனக்கே தெரியாது."

"முதுகைத் திருப்பு."

திருப்பினேன்.

"இப்ப வயிறு."

காட்டினேன். தவளை சிரித்தது. சபையில் எனக்குப் பின்னால் உட்கார்கிற தவளை.

"ராணியம்மா, கரடி பல தடவை மாறினாரு. எல்லாருக்கும் தெரியும்" என்றாள் சுருளி. "அவருக்கு ஒண்ணும் இல்லையா?"

"மாறினான்" என்றாள் ராணி. "ஆனா ஒரு நேரத்துல ஒரே மண்ணுதான் பூசினான். இன்னைக்கு இவன் யார் ஆளுன்னு பாத்தா எனக்குத் தெரியும். உங்கப்பாவைப் பாத்தா, எந்தப் பக்கம் நின்னு பாக்குறேன்னு முதல்ல நான் தெரிஞ்சுக்கணும். அப்படி ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குறது?"

அதற்கு ஒரு பதிலை இன்றுவரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

புற்றை மொந்தையனுக்குக் கொடுத்தார்கள். கல்லை உருட்டிய சேவைக்கு என்று சபையில் சொன்னார்கள். கல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலையே தெற்கே புறப்பட்டோம். வழியெல்லாம் சுருளி முன்னால் நடந்தாள். பாறைக்காட்டு எல்லையில் நின்று குட்டியைச் சரியாகத் தொற்றவைத்தாள். "உள்ளதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம்பா" என்றாள். நான் காலில் முள் குத்தியதுபோலக் குனிந்துகொண்டேன்.

கட்டெறும்பு காரமாக இருக்கும். நாக்கைக் கடிக்கும். சுருளிக்குப் பால் குறைந்தது. குட்டி பிழைத்துக்கொண்டான், ஆனால் வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை. அந்தக் கோடையில் நான் இரண்டு முறை பழைய புற்றுக்குப் போனேன். மொந்தையன் வாசலில் படுத்திருந்தான்.

"வா பங்காளி. நான் தின்னு முடிச்சிட்டேன். ஓரத்துல கொஞ்சம் இருக்கும், நக்கிக்க."

நக்கினேன். மகளுக்கும் வாயில் அடக்கிக்கொண்டு போனேன். ஏன் மறைக்க வேண்டும்? அவனை நான் மன்னிக்கவில்லை. அவன் புற்றில் கறையான் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நாலு மழைக்காலம் வந்து போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் பட்டம் கட்டிய நாளில் சபைக்குப் போகிறேன். உள்ளே விடமாட்டார்கள். முள்ளம்பன்றித் தலைவன் முதலில் வயிற்றைப் பார்ப்பான், பிறகு முதுகைப் பார்ப்பான், பிறகு "இந்த வருஷமும் அதே சேதிதானா பெரியவரே?" என்பான். அதே சேதிதான். ராணி அன்று ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். இந்தக் காடு பட்டிருக்கிற கடனை நான் என்றாள். நான் என்ன செய்வேன் என்று சொல்லவில்லை. புற்றை வேண்டுமானால் கரடி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பட்டம் அவள் தலைக்கு வந்தது என் முதுகில் ஏறித்தான். அவள் அந்தப் பேச்சை என் முகத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். சேதி உள்ளே போகும். வெளியே பதில் வராது. பொழுது சாயும் வரை நின்றுவிட்டுத் திரும்புகிறேன். அடுத்த வருடமும் போவேன். அது எனக்கு வர வேண்டியது, இன்னும் வரவில்லை.

எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பார்த்து இரண்டு பக்கமும் சேருகிறவனுக்கு, அவனாலேயே ஜெயித்த பக்கத்தில்கூட இடம் இருக்காது.